இடது கையுறை

"சொறிஞ்சுக்கிறதுக்காகக் கையுறையைக் கழட்டினேனாம்!" என்று கத்தினாள் பைலட். "பூமிக்கு மேல, காத்தே இல்லாத இடத்துல, அரிக்குதுன்னு கழட்டினேனாம்! அண்ணி, நீங்களே சொல்லுங்க, நான் அவ்வளவு பெரிய மக்கா?"

அக்கா டீயை ஆற்றினாள். நாத்தனார் கேட்கும் இந்த மாதிரிக் கேள்விக்கு ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு.

அக்கா துப்பறிகிறவள். நான் அவளுடைய தம்பி, உதவியாளன். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் பின்னாலேயே திரிவதால் எனக்கு வால் என்று பெயர். முப்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் அறுந்து விழவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பைலட், என் அத்தானின் தங்கை. நிலாவிலிருந்து சரக்கு இறக்கும் கப்பல்களை ஓட்டுகிறவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்ப விசேஷத்தில், "அண்ணி செய்றது துப்பறியற வேலையா, பூனை தேடற வேலையா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. எனக்கு அப்போதே சிரிப்புதான். அந்த வருடம் மட்டும் நாங்கள் பதினொரு பூனை தேடியிருந்தோம்.

இன்று காலை அவளே போன் செய்தாள். அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிவிட்டாள்.

விண்கல நிலையத்தின் கேன்டீன். மணி ஒன்றரை. நாலு மணிக்கு விசாரணை.

"நடந்ததை முதல்லேர்ந்து சொல்லு. கத்தாம சொல்லு" என்றாள் அக்கா.

பைலட் சொன்னாள். ஐந்து நாளைக்கு முன்னால் கப்பலை இறக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் விரிசல். அறைக்குள் இருந்த காற்று புஸ்ஸென்று வெளியே போய்விட்டது. அதற்குத்தானே அந்த சூட்! அறையில் காற்று போன அடுத்த நொடியே அது தனக்குள் காற்றை நிரப்பிக்கொண்டு, டயர் மாதிரி விறைத்து, உள்ளே இருக்கிறவளைக் காப்பாற்றும். காப்பாற்றியது. ஆனால் இரண்டே நிமிடத்தில் இடது கையுறையிலிருந்து காற்று கசிந்தது.

"கையைத் தொடை இடுக்குல வச்சு நசுக்கிக்கிட்டேன். மிச்சமிருந்த ஒரு கையால பட்டனை அமுக்கி அமுக்கியே எப்படியோ இறக்கினேன். தரைக்கு வந்ததும் மயங்கிட்டேன். கண்ணு முழிச்சுப் பார்த்தா, கையுறையில ஓட்டையே இல்ல, நானேதான் மணிக்கட்டு வளையத்தைத் திறந்துட்டேன்னு ரிப்போர்ட் ரெடி. எழுதினது சூட் பிரிவு மேனேஜர்."

அவள் இடது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

"என்ன கேக்குறாங்க?"

"என் கவனக்குறைவுதான்னு ஒரு கடிதம். கையெழுத்துப் போட்டா லைசென்ஸ் போகும், ஆபீஸ்ல ஒரு நாற்காலி கொடுப்பாங்க. போடலேன்னா லைசென்ஸும் போகும், வேலையும் போகும்."

"போட்டியா?"

"நான் எழுதுற கையே இதுதான் அண்ணி. கட்டு அவிழ மூணு வாரம் ஆகும். அவிழ்ந்தாலும் போட மாட்டேன். லைசென்ஸ் வாங்க ஒன்பது வருஷம் ஆச்சு. சொறிஞ்சுக்கிட்டதால போச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டு, நாற்காலியில உக்காந்து ஈ ஓட்டவா?"

அவள் குரல் உடையவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் உடைந்திருக்கும். அந்தப் பெண்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

அக்கா அவளைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் புறப்படும் கப்பல்களின் பட்டியல். இரண்டு மணிக் கப்பல் புறப்படும். மூன்று மணிக் கப்பல் ரத்து, காரணம் மோசமான வானிலை. ஐந்து மணிக் கப்பல் புறப்படும்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

"அது எப்படிக்கா?" என்றேன். "மேகம் மூணு மணிக்கு மட்டும் டியூட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டு, அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடுமா?"

"முதல் தடவையா உருப்படியா ஒண்ணு பேசியிருக்க" என்றாள் அக்கா. "நாத்தனாரே, மூணு மணிக் கப்பல் யாரோடது?"

"ஹீரோவோடது. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். கண்ணாடியைப் பார்த்தா தலையைக் கோதாம நகர மாட்டார். நாலு நாளா அவர் கப்பல் மட்டும் ரத்தாகிக்கிட்டே இருக்கு."

அக்கா எழுந்துவிட்டாள். டீயைக் குடிக்காமலே எழுந்தாள் என்றால் ஏதோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். டீ எனக்கு.

குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் இரண்டு பேர் எங்கே வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று விதி இருந்தது. அதற்காகப் பைலட்டிடம் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டைக் காட்டி, சூட் அறைக்குள் நுழைந்தோம்.

நீளமான அறை. ரப்பர் வாசனையும் பவுடர் வாசனையும். இரண்டு பக்கமும் வெள்ளை சூட்கள் கொக்கியில் தொங்கின. எல்லாம் முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி, டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறவர்கள் போல இருந்தன.

"ஏன் இப்படிக் கூனிக் கிடக்கு?" என்றேன்.

"உக்காந்துதானே ஓட்டுறாங்க? உக்காந்த அளவுக்குத்தான் தைக்கணும்." பதில் சொன்னவர் சூட் மாஸ்டர். பைலட்களுக்கு சூட்டை மாட்டிவிடுகிறவர், தைக்கிறவர், சோதிக்கிறவர் எல்லாம் அவரே. கனத்த உடம்பு, கழுத்தில் அளவு டேப். மேஜையில் ஒரு ஜோடிக் கையுறையை வைத்துக்கொண்டிருந்தார். "யாரு நீங்க? என் வேலையைக் கெடுக்காதீங்க. இது அஞ்சு மணிப் பையனோடது."

துவண்டு கிடந்த கையுறையின் வளையத்தில் ஒரு சின்னக் கைப்பம்பைச் செருகி அடித்தார். கையுறை மெதுவாக உயிர் பெற்றது. வலது கை, எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரி முஷ்டியாக நின்றது. இடது கையில் மற்ற விரல்கள் மடங்க, ஆள்காட்டி விரல் மட்டும் விறைப்பாக நீண்டு, நேராக என் நெஞ்சைக் காட்டியது.

"நான் எதுவும் செய்யலீங்க" என்று கைகளைத் தூக்கினேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "காத்து ஏறினா விரலை மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. கல்லு மாதிரி ஆயிடும். அதனால எந்த வேலை செய்யணுமோ அந்த வடிவத்துலேயே வார்த்துடுவோம். ஒரு கை ஸ்டிக்கைப் பிடிக்க, ஒரு கை பட்டனை அமுக்க. காத்து இல்லாதப்போ எல்லாம் ஒரே துணிதான், ஒண்ணும் தெரியாது."

"ஒரு ஜோடி செய்ய எவ்வளவு நாள்?" என்றாள் அக்கா.

"ஆறு வாரம். ஆளுக்கு ஒரு ஜோடிதான். ஒருத்தரோடது இன்னொருத்தருக்கு நுழையும், உதவாது."

"ஹீரோவோட அலமாரி எது?"

மாஸ்டரின் கை பம்பிலேயே நின்றது. கண் தானாகவே ஒரு பக்கம் போனது. அக்காவுக்கு அது போதும். நேராகப் போய் அந்த அலமாரியைத் திறந்தாள். ஹெல்மெட் இருந்தது. பூட்ஸ் இருந்தது. வலது கையுறை இருந்தது. இடது இல்லை. கதவின் உள்பக்கம் பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடு போட்டிருந்தது.

"இடது எங்க மாஸ்டர்?"

"தொலைஞ்சு போச்சு." அவர் வந்து கதவைச் சாத்தினார். "அஞ்சு நாளாச்சு. மேனேஜர்கிட்ட சொன்னேன். வெளிய சொல்லாதே, வானிலைன்னு போட்டுடறேன்னார். இதுக்கு மேல என் வாயைக் கிளறாதீங்கம்மா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் நான் அக்காவின் காதில் குசுகுசுத்தேன். "கேஸ் முடிஞ்சுது. மாஸ்டர்தான் திருடன். ஹீரோ கையுறைன்னா எவளாவது ரசிகை தலைமாட்டுல வச்சுத் தூங்குவா. வித்துட்டார்."

"வாலு."

"சொல்லுக்கா."

"வாலை ஆட்டாம இரு."

அவள் திரும்பி உள்ளே போய், மாஸ்டரிடம் அந்தக் கைப்பம்பை இரவல் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நாலரைக்குள் திருப்பித் தரவேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "காத்தடிக்க" என்றாள். இவளிடம் இருபது வருடமாக இப்படித்தான் குப்பை கொட்டுகிறேன்.

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் தலைவி, மூக்கு நுனியில் கண்ணாடி. இரண்டு பக்கமும் தலையாட்டுவதற்கென்றே இரண்டு பேர். மேஜைமேல் ஒரு தட்டில் பைலட்டின் இரண்டு கையுறைகள், ஏழாம் எண் சீட்டோடு. பக்கத்தில் அவளுடைய லைசென்ஸ் அட்டை. அதைப் பார்த்ததும் பைலட்டின் தாடை இறுகியது.

மேனேஜர் எழுந்தார். கசங்காத சட்டை. தேன் ஒழுகும் குரல்.

"எனக்கு இந்தப் பொண்ணு மேல எந்தக் கோபமும் இல்லீங்க. நல்ல பைலட். அரிச்சிருக்கு, ஒரு நிமிஷம்னு வளையத்தைத் திறந்திருக்காங்க. மனுஷங்கதானே? கப்பல் இறங்கினதும் நானேதான் கையுறையைக் கழட்டினேன். தையல்ல பிசிறு இல்ல, ரப்பர்ல கீறல் இல்ல. ஒத்துக்கிட்டா கௌரவமா முடிச்சுக்கலாம்."

"நான் திறக்கல" என்றாள் பைலட்.

"திறக்கலேன்னா காத்து எப்படிம்மா போச்சு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்."

தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "மரியாதையா பேசுங்க."

"மரியாதையாத்தான் பேசுறேன். திறக்கல. நாளைக்குக் கேட்டாலும் திறக்கல. என் கல்யாணத்தன்னிக்குக் கேட்டாலும் திறக்கல."

அக்கா எழுந்தாள். "கையுறையில ஓட்டை இல்லைன்னு எழுத்துல இருக்கு. நாங்க கண்ணால பார்க்கல. காத்தடிச்சுக் காட்ட முடியுமா?" என்று கைப்பையைத் திறந்து பம்பை மேஜைமேல் வைத்தாள்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு உபகாரத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. "தாராளமா! நானே அடிச்சுக் காட்டுறேன்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இடது கையுறையில் பம்பைச் செருகி அடித்தார். துணி விம்மியது. உள்ளங்கை உருண்டது. மூன்று விரல்கள் மடங்கின. ஆள்காட்டி விரல் நிமிர்ந்து நீண்டது. ஒரு கிண்ணத் தண்ணீரில் முக்கிக் காட்டினார். ஒரு குமிழி வரவில்லை. தலையாட்டுகிற இருவரும் தலையாட்டினார்கள்.

போச்சு, நம் கையாலேயே அவளுக்குக் குழி தோண்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

"பிரமாதமான கையுறை" என்றாள் அக்கா. "ஒரு சின்ன சந்தேகம். அந்த ஒரு விரல் ஏன் நீட்டிக்கிட்டு நிக்குது?"

"அது பட்டன் அமுக்கற விரல்மா." மேனேஜர் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "வலது கை ஸ்டிக்குக்கு, இடது கை பட்டனுக்கு. எல்லாருக்கும் அப்படித்தான் வார்ப்போம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

முதலில் சிரித்தது பைலட்தான். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் வந்தது.

"அந்த வலது கையையும் அடிங்க" என்றாள் அக்கா. இப்போது அவள் குரலில் கெஞ்சல் இல்லை.

மேனேஜர் நகரவில்லை. நானே போய் அடித்தேன். அந்த வலது கையுறையும் விம்மியது, நிமிர்ந்தது, ஒரு விரலை நீட்டியது. தட்டில் இரண்டு கைகள், இரண்டும் விரல் நீட்டிக்கொண்டு. முஷ்டி எங்கேயும் இல்லை.

"நான் இடது கைக்காரி" என்றாள் பைலட். "இந்தக் கம்பெனியில நான் ஒருத்திதான். எனக்கு ஸ்டிக் இடது பக்கம், பட்டன் வலது பக்கம். நீங்க சூட் மாட்டுறதைக்கூடப் பார்க்காம ஆபீஸ்லேர்ந்தே நிர்வாகம் பண்ணினா இதெல்லாம் எப்படி சார் தெரியும்? இந்த ரெண்டையும் மாட்டிக்கிட்டு நான் ஸ்டிக்கை எதால பிடிச்சேன், மூக்காலயா?"

தலைவி கோப்பைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். திரும்பப் படித்தாள். "ஏழாம் எண்... ஸ்டிக் இடது பக்கம்." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "மேனேஜர், இது யாரோடது?"

"ஹீரோவோடது."

பதில் வந்தது வாசலிலிருந்து. மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். பம்பைத் திருப்பி வாங்க வந்தவர், நீட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வார்த்ததும்மா. எனக்குத் தெரியாதா? சுண்டு விரல் கொஞ்சம் கோணல் அவருக்கு." அவர் உள்ளே வந்து மேனேஜரைக் கை காட்டினார். நான் மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "ஒரு கையுறை இருபத்தஞ்சு தடவைக்கு மேல பறக்கக் கூடாது. அதுதான் விதி. இந்தப் பொண்ணோடது முப்பத்திமூணு. மூணு தடவை இவர்கிட்ட சொன்னேன். எழுதாதே, நீ பென்சிலால கோடு மட்டும் போட்டுக்கோன்னார். கிழிஞ்சதை மறைச்சுட்டு இதை வைப்பார்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். தேனெல்லாம் வற்றிப் போயிருந்தது. "எல்லாருக்கும் புதுசு வார்க்கணும்னா ஆறு வாரம் ஒரு கப்பல் கிளம்பாது. தலையெல்லாம் உருளும். நான் என்ன செய்ய?"

"கிழிஞ்சது எங்க?" என்றாள் அக்கா.

"எரிச்சுட்டேன்."

ஒரு ஆள் செத்துப் போகவிருந்த இடத்தில், இவர் பயந்தது பலகையில் ரத்து என்று எழுத! எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிண்ணத் தண்ணீரை அவர் தலையில் கொட்டியிருப்பேன். அக்கா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தலைவி லைசென்ஸ் அட்டையை எடுத்து நீட்டினாள். "உங்க மேல தப்பே இல்லம்மா. இந்தாங்க. கட்டு அவிழ்ந்ததும் நீங்க பழையபடி பைலட். ஒண்ணே ஒண்ணு, கமிட்டி அடுத்த வாரம் கூடும். அதுவரைக்கும் இந்த விஷயம் இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது."

ஒன்பது வருட உழைப்பு, ஒரு கை தூரத்தில். பைலட்டின் வலது கை அதை வாங்க எழுந்தது. பாதியில் நின்றது.

"அஞ்சு மணிக் கப்பல்?"

"அது திட்டப்படி போகும். எல்லா சோதனையும் ஆயிருக்கும்."

"எனக்கும்தான் ஆச்சு. அன்னிக்குக் காலையில என் கையுறையிலயும் காத்து நின்னுச்சு." அவள் திரும்பினாள். "மாஸ்டர், அந்தப் பையனோடது எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"இப்ப எங்க இருக்கான்?"

"நான் இங்க வந்ததால என் உதவியாள் மாட்டி விட்டுக்கிட்டிருப்பான். இன்னும் பத்து நிமிஷத்துல ஏறிடுவான்."

"அந்த அட்டையை நீங்களே வச்சுக்கங்க மேடம்" என்றாள் பைலட். "வாயை மூடிக்கிட்டாத்தான் பைலட்னா, அந்த வேலை எனக்கு வேண்டாம்."

"இதை வாங்காம வெளிய போனா, திரும்பக் கிடைக்கும்னு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது!"

"கேட்டேனா?"

கதவு படாரென்று அடித்தது. அவள் ஓடினாள். பின்னால் அக்கா, அவள் பின்னால் நான், என் பின்னால் மாஸ்டர் புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு. வராந்தாவில் வந்தவர்களெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

சூட் அறையில் ஐந்து மணிப் பையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றிருந்தான். ஹெல்மெட் மாட்டியாகிவிட்டது. அந்த சூட்டுக்கு ஜிப் முதுகில். எப்பேர்ப்பட்ட பைலட்டானாலும் தானே பூட்டவும் முடியாது, தானே திறக்கவும் முடியாது. உதவியாள் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, கடைசிப் பட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

பைலட் அவனை ஒதுக்கித் தள்ளினாள். பட்டியைப் பிய்த்தாள். வலது கையால் ஜிப்பைப் பிடித்தாள். பழக்கமில்லாத கை, வழுக்கியது. கட்டுப் போட்ட கையால் துணியை அமுக்கிக்கொண்டு திரும்ப இழுத்தாள். வலியில் அவள் முகம் வெளுத்தது. ஜிப் இறங்க ஆரம்பித்தது.

"யார் சொல்லி அவுக்கிறீங்க?" என்று பதறினான் உதவியாள்.

வாசலில் தலைவி வந்து நின்றாள். ஓடி வந்ததில் தலை கலைந்திருந்தது, லைசென்ஸ் அட்டை இன்னும் கையிலேயே இருந்தது. கொக்கிகளில் தொங்கிய சூட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கட்டின்மேல் பூத்துக்கொண்டிருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் கடைசியில். "அஞ்சு மணி ரத்து. எல்லாமே ரத்து. போய் எழுதுங்க. காரணம், பழைய கையுறை."

அட்டையை நீட்டினாள்.

"அண்ணி, அதை வாங்கி வைங்க" என்றாள் பைலட் திரும்பாமலே. "எனக்குக் கை வேலையா இருக்கு."

அக்கா வாங்கிக்கொண்டாள். ஜிப் இடுப்பு வரை இறங்கிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்காமல், திரும்பவும் முடியாமல் நின்றிருந்த அந்தப் பையன், முதுகில் காற்றுப் பட்டதும் திடுக்கிட்டான்.

"பின்னாடி யாருங்க அது?" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

"பைலட்" என்றாள் அவள்.